அழிறப்பர்

செவ்வாயும் வியாழனும்
டூரன் நகர நூலகத்தின் பின்னறையில்
திரும்பி வந்த புத்தகங்களைப் புரட்டி
பென்சில் கோடுகளை அழிப்பது என் வேலை.
மணிக்கு எண்பது சதம்.
கேஸ் முடியாதவர்களுக்கு அதுதான் கணக்கு.

விதி இரண்டே இரண்டு.
பென்சில் என்றால் அழி.
பேனா என்றால் பெட்டியில் போடு,
சனிக்கிழமை வாசலில் ஐம்பது சதத்துக்குப் போகும்.
ஃபிராவ் லென்ட்சன் ஒரே மூச்சில் சொல்லிவிட்டு
கோப்பி குடிக்கப் போய்விட்டார்.

சமையல் புத்தகங்களில் 'உப்பு கூடிப் போச்சு.'
துப்பறியும் கதையில், முப்பதாம் பக்கத்திலேயே
கொலைகாரன் பெயரை எழுதிவைக்கிற ஒரு கொடியவர்
இந்த ஊரில் இருக்கிறார்.
அதை அழிக்கிற நாளில் நல்ல நித்திரை வரும்.

மார்ச்சில் அந்த அமெரிக்க நாவல் வந்தது,
ஜெர்மன் மொழிபெயர்ப்பு, துணி ஒட்டிய முதுகு.
எழுதியவன் சிப்பாயாக இந்த ஊருக்குள் நடந்து வந்தவனாம்.
பதினாறு வருடம் கழித்து
ஒஹாயோவில் ஒரு சமையலறை மேசையில் எழுதினானாம்.
உள்மடிப்பு சொல்லிற்று.

நூற்று நாற்பதாம் பக்கத்தில்
ஊர் ஏற்கெனவே எரிந்து முடிந்திருக்கிறது.
சிப்பாய்கள் ஒரு நிலவறைக் கதவை உடைக்கிறார்கள்.
உள்ளே பதினொரு பேர்,
பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்களைப் போல
சுவரோடு சாய்ந்து.
குட்டைக் குட்டை வாக்கியங்கள்.
நான் அழவில்லை, நீயும் அழாதே என்கிற மாதிரி.

ஓரத்தில் மெல்லிய பென்சில் எழுத்து.
பாலம் இந்தப் பக்கம் இல்லை.
அன்றைக்குப் பனி கொட்டவில்லை.
கதவு பச்சை.
பிறகு, தாள் கிழிகிற அளவுக்கு அழுத்தி:
ஏழு.

எழுத்தாளன் மேல் எனக்குக் கோபம் இல்லை.
ஏழு என்றால் அவனுடைய வாக்கியம் நொண்டும்.
பதினொன்றுக்கு ஒரு கனம் உண்டு,
தமிழில் சொல்லிப் பார்த்தேன், தமிழிலும் உண்டு.

மாத்தளனில் உங்கள் பங்கருக்குள் எத்தனை பேர்
என்று முதல் விசாரணையில் கேட்டார்கள்.
ஒன்பது என்றேன்.
இரண்டாம் விசாரணையில் எட்டு.
கடிதம் வந்தது: முரண்பாடு. நம்பத்தக்கது அல்ல.
சுகிர்தா அக்காவுக்கு அப்போது எட்டு மாதம்.
வயிற்றுக்குள் இருந்ததை
எந்த முறை எண்ணினேன், எந்த முறை விட்டேன்,
இப்போது கேட்டால் மூன்றாவதாக ஒன்று சொல்வேன்.
மொழிபெயர்ப்பாளர்
தன் பேனா மூடியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அழிறப்பரை எடுத்தேன்.
பாலத்தை அழித்தேன்.
பனி கொட்டாத அந்த நாளை அழித்தேன்.
பச்சைக் கதவுக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது.
ஏழுக்கு வந்ததும்
ஃபிராவ் லென்ட்சனின் நீலப் பேனாவை எடுத்து
அந்த எழுத்தின் மேலேயே,
கொப்பியில் உறுப்பெழுத்து எழுதுகிற பிள்ளை மாதிரி,
ஒருமுறை ஓட்டினேன்.

'பேனாவா?' என்றார்.
'பேனா' என்றேன்.
இந்த நாட்டில் ஓர் அலுவலகத்துக்குள்
மறுகேள்வி இல்லாமல் என் சொல் செல்லுபடியானது
அன்றைக்குத்தான்.
புத்தகம் பெட்டிக்குள் விழுந்தது.

சனிக்கிழமை காசைக் கைக்குள் பொத்திக்கொண்டு
பத்து மணிக்கே போனேன்.
நாய் வளர்ப்புக்கும் தக்காளித் தோட்டத்துக்கும் நடுவில்
ஒரு புத்தகத்தின் அகலத்துக்கு வெறும் இடம்.
யார் வாங்கியது?
காசு வாங்கும் பெடியன் தோளைக் குலுக்கினான்.
'ஓர் ஆள். பையில் வைக்கவில்லை.
நடந்துகொண்டே எதையோ தேடிக்கொண்டு போனார்.'

திரும்பும் வழியில் ரூர் ஆற்றங்கரையில் நின்றேன்.
பாலம் எதிரே இருந்தது.
அந்தக் காலத்தில் அது எந்தப் பக்கம் இருந்தது
என்று கேட்க ஒருவரும் இல்லை.
எழுதியிருந்ததை
நான்தான் அழித்தேன்.